கரட்டின் மேல்வாசல்

கரடு என்னும் சிறு குன்றுக்கு அடியில் வளை தோண்டிப் பெருச்சாளிகள் கூட்டமாக வாழ்ந்தன. அந்த வளையைத் தோண்டியவர்களில் ஒருவன் கோணமூக்கன். இப்போது அவன் மட்டும் அடிவாரத்து இலந்தைப் புதரில் தனியாகக் கிடந்தான்.

அவனைத் துரத்தியது தொந்தியப்பன். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கிழங்கைக் கடித்துத் தின்றவர்கள். வளையின் ஆழத்தில் பெரிய அறை தோண்டியதும் இருவரும்தான். அங்கே மூச்சு முட்டியது. காற்று ஓடுகிறதா என்று பார்க்க, கோணமூக்கன் அறைக்குள் நீட்டியிருந்த வேரில் எருக்கம்பஞ்சைத் தொங்கவிட்டான். கீழ்வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வாசல் திறந்து பார்த்தான். பஞ்சு அசையவில்லை. கரட்டின் உச்சியில் திறந்தான். உச்சியில் அடித்த காற்று உள்ளே இருந்த காற்றை இழுத்தது. கீழ்வாசலில் புதுக்காற்று நுழைந்தது. பஞ்சு ஆடியது. அந்தக் கோடை முழுக்க இருவரும் கடலைக்கொல்லை வாசம் அடிக்கும் காற்றில் மல்லாந்து கிடந்து கதை பேசினார்கள். அதை நினைத்தால் இப்போதும் கோணமூக்கனுக்கு மீசை துடிக்கும்.

பிறகு அந்த மேல்வாசல் வழியாகச் சாரைப்பாம்பு வந்தது. தொந்தியப்பனின் தம்பியை விழுங்கிவிட்டுப் போனது.

“பாம்புக்குப் பாதை போட்டவனே, போ வெளியே” என்றான் தொந்தியப்பன்.

“முள்ளை வைத்து மறிக்கலாம்” என்று கோணமூக்கன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பெருச்சாளி வழக்கப்படி மண்ணைத் தள்ளி வாசலை அடைத்தார்கள்.

காலம் ஓடியது. அந்தப் பழைய சண்டையைப் பார்த்திராத புதுத்தலைமுறை வந்தது. ஒரு நாள் செவலை என்ற தாய்ப்பெருச்சாளி, ஆழத்து அறையைத் தோண்டியவன் கோணமூக்கன் என்று கேள்விப்பட்டுப் புதருக்கு ஓடிவந்தாள்.

“மாமா, ஆழத்து அறையில குட்டி போட்டிருக்கேன். பாலுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேங்குதுங்க. சமத்துக் குட்டிங்கன்னு எல்லாரும் மெச்சுறாங்க. எனக்குப் பயமா இருக்கு. மேலே தூக்கிட்டு வரலாம்னா கீழ்வாசல்ல பூனை படுத்திருக்கு. நானே பக்கத்துச் சின்னப் பொந்து வழியாத்தான் நழுவி வந்தேன், குட்டியோட அதுல நுழைய முடியாது.”

“உங்க பெரியவர் தொந்தியப்பன்கிட்டப் போய்ச் சொல்லு. என்னைத் துரத்தின வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்?”

“நீங்க வர வேண்டாம். நானே ஒரு வாசல் தோண்டிக்கிறேன்.”

அவள் போய்க் கீழ்வாசலுக்குப் பக்கத்திலேயே, பூனையின் கண்ணில் படாத பாறை மறைவில் மண்ணைப் பறித்தாள். கோணமூக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி பார்த்தான். தான் முதலில் தோண்டிய அதே வீண் இடம். குட்டிகளுக்கோ மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது.

“ஏ பொண்ணே, அங்க தோண்டினா பஞ்சுகூட அசையாது. உச்சிக்கு வா” என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினான்.

கத்தலைக் கேட்டுப் பொந்து வழியாக வந்த தொந்தியப்பன் உச்சியில் குறுக்கே நின்றான். “மறுபடியும் பாம்பைக் கூப்பிடப் போறியா?”

“மண்ணைப் போட்டா பாம்பும் நிக்கும், காத்தும் நிக்கும். முள்ளைப் போட்டா பாம்பு மட்டும் நிக்கும். அன்னைக்கே சொன்னேன். கீழ குட்டிங்களுக்கு மூச்சு முட்டுது, உன் தொந்தியை நகர்த்து.”

தொந்தியப்பன் அடியில் கிடக்கும் குட்டிகளை நினைத்தான். நகர்ந்தான். தானும் பறிக்க உட்கார்ந்தான். இருவரும் தோண்டினார்கள். மண் உடைந்து விழுந்தது. செவலை இலந்தை முள்ளை இழுத்து வந்து வாசலில் செருகினாள். உள்ளேயிருந்து வெக்கைக் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து, குட்டிகள் கீச்சிட்டன.

“பழசை மறந்துட்டு உள்ள வாடா” என்றான் தொந்தியப்பன்.

“மறக்கலை. உன்கூட எனக்கு இன்னும் பேச்சும் இல்லை.”

ஆனாலும் கோணமூக்கன் வாசலோரம் படுத்துக்கொண்டான். அறையிலிருந்து ஏறிவந்த காற்றில் பழைய வைக்கோல் வாசமும் குட்டிகளின் பால் வாசமும் இருந்தன. பொழுது சாயும் வரை அவன் அங்கிருந்து எழவில்லை.

மனத்தாங்கல் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அது அடுத்தவர் மூச்சுக்குக் குறுக்கே போய் நிற்கக் கூடாது.