முப்பிடாதி வீட்டுக் குடம்

"தொட்டி நிறைஞ்சாச்சு, ஐயா. எப்ப என்னை இறக்குவீங்க?"

போதகர் வேதமுத்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு குடம் குறையுது, அண்ணாச்சி."

வண்டிமலையானும் எட்டிப் பார்த்தான். தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு குடம் ஊற்றினால் வழிந்து மண்ணில்தான் ஓடும்.

"எங்க குறையுது?"

வேதமுத்து பக்கத்தில் கிடந்த குடத்தை எடுத்தார். தொட்டியில் முக்கினார். முகந்த தண்ணீரை அப்படியே வேப்பங்கன்றின் தூரில் ஊற்றினார்.

"இப்பக் குறையுது," என்றார்.

முள்ளிச்செவலில் ஆறு கிடையாது. குளம் உண்டு, அதில் தண்ணீர் கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கே ஊற்றுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

அந்த ஊரில் முதன்முதலாக ஒருவர் ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்பட்ட வருஷம் பெரிய பஞ்சம். சபைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் தொட்டியை நிரப்ப எந்த ஒரு வீட்டாலும் முடியவில்லை. வீட்டுக்கு ஒரு குடம் என்று ஊரே கொடுத்தது. சிலுவை மாட்டிய வீடும் கொடுத்தது. திருநீறு பூசிய வீடும் கொடுத்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. இறங்கப் போகிறவர் தானே வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். அந்த வீட்டுக் குடத்திலேயே வாங்கி வர வேண்டும். தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் குடம் வீட்டுக்காரர் கைக்குத் திரும்பிவிட வேண்டும். எந்த வீட்டையும் விடக் கூடாது.

வண்டிமலையான் ஒரு வீட்டை விட்டிருந்தான். அதைச் சரிக்கட்ட, சபையில் மணியடிக்கும் சின்ன பவுல் வீட்டில் இரண்டு குடம் வாங்கியிருந்தான்.

விட்டது முப்பிடாதி வீடு.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வரப்புத் தகராறில், முப்பிடாதியின் புருஷன் தவசியை அவன் வெட்டிவிட்டான். தவசி அந்த வரப்பிலேயே செத்துப்போனார்.

வண்டிமலையான் பதினான்கு வருஷம் சிறையில் இருந்தான். அங்கே யாரோ கொடுத்த புதிய ஏற்பாட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். வெளியே வந்த இந்த இரண்டு வருஷமாக ஆடு மேய்க்கிறான். யார் வம்புக்கும் போவதில்லை. ஞாயிறு தவறாமல் சபையில் கடைசிப் பாயில் உட்காருகிறான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர.

அவனால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. மோர் குடிப்பான், கூழ் குடிப்பான், டீ குடிப்பான். வெறும் தண்ணீர் மட்டும் தொண்டையில் போய் நின்றுகொள்ளும். பதினாறு வருஷமாக அப்படித்தான்.

முங்கி எழுந்தால் அது போய்விடும் என்று நம்பினான். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"முப்பிடாதி வீட்டை விட்டுருங்க, ஐயா."

"ஏன்?"

"நான் சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்லலியா? அரிவாளை ஓங்கினேன், வெட்டினேன், ஓடினேன்னு எல்லாத்தையும் சொல்லியாச்சு. எல்லாரும் அழுதாங்க. நீங்களும் அழுதீங்க."

"அழுதேன்."

"அப்ப அந்தப் பழைய மனுஷன் செத்துட்டான்தானே? நான் புது ஆளு."

"புது ஆளுக்கு அந்த வீட்டுக்குப் போக என்ன பயம்?"

வண்டிமலையான் தலையைச் சொறிந்தான். வேதமுத்துவுக்கு முப்பத்திரண்டு வயது. இவனுக்கு ஐம்பத்தெட்டு. போதகர் பல் முளைக்காத பிள்ளையாக இருந்தபோது அவரைத் தோளில் வைத்துத் திருவிழாவுக்குத் தூக்கிப் போயிருக்கிறான். இப்போது அவரை ஐயா என்று கூப்பிடுகிறான்.

"பேராவது முடிவாச்சா?" என்று கேட்டார் வேதமுத்து.

"பவுல்னு வைங்க."

"சபையில ஏற்கெனவே ரெண்டு பவுல் உண்டு. சின்ன பவுலுக்கே அறுபது வயசு."

"அப்ப மோசே. தண்ணியில இருந்து எடுத்த ஆளு."

"நல்ல பேரு. அவரும் ஒருத்தனை அடிச்சுக் கொன்னு மணலுக்குள்ள மறைச்சவர்தான்."

வண்டிமலையான் வெறுங்கையோடு கிளம்பினான்.

முப்பிடாதி வாசலில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தாள். முள்வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பது தெரிந்தும் தலை நிமிரவில்லை.

"ஒரு குடம் தண்ணி வேணும், தாயி."

"எதுக்கு?"

"இறங்குறதுக்கு."

"யாரு இறங்குறது?"

"நான்தான். மோசே."

"அது யாரு?"

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததை அவன் சொன்னான்.

"நான் பழைய ஆள் இல்ல தாயி. அந்த வண்டிமலையான் செத்துட்டான்."

அவள் ஒரு கை வத்தலைப் புரட்டிப் போட்டாள்.

"எப்பச் செத்தான்?"

அவள் அடுத்த கை வத்தலை அள்ளினாள்.

"எனக்கு யாரும் சொல்லிவிடலியே. பதினாறு வருஷமா அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். அவன் செத்துட்டான்னா நான் யாரைப் போய்க் கேக்க?"

வத்தல் நெடி மூக்கில் ஏறியது. அவன் தும்மினான்.

"அவன் உசுரோட எங்கயாவது கிடந்தா வரச் சொல்லு," என்றாள். "வண்டிமலையானுக்குத் தண்ணி தாரேன். மோசேக்கு இந்த வீட்டுல தண்ணி இல்ல."

வேதமுத்து வாரநாளில் சைக்கிள் கடை வைத்திருந்தார். வண்டிமலையான் போனபோது பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடித்த டியூபைச் சட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி, திருப்பி, முக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டேன், ஐயா. தர மாட்டேன்னுட்டா. என் கடமை முடிஞ்சது."

"தர மாட்டேன்னா சொன்னாங்க?"

"வண்டிமலையானுக்குன்னா தருவாளாம்."

"அவன் எங்க இருக்கான்?"

வண்டிமலையானுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆத்தோரத்துல ஒரு சபை இருக்கு. அங்க யாரும் குடம் கேக்குறதில்ல. போனா முக்கி எடுத்து அனுப்பிருவாங்க. நான் அங்க போறேன்."

"நல்ல சபைதான். பஸ் ஒன்பது மணிக்கு."

கிண்டலாகச் சொல்லவில்லை. கண் சட்டியை விட்டு எழவுமில்லை. டியூபின் ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்தைத் தண்ணீரில் இறக்கினார்.

"அதுல மேல நாலு ஒட்டு இருக்கே," என்றான் வண்டிமலையான் எரிச்சலோடு. "இன்னொரு ஒட்டைச் சும்மா எங்கயாவது போட்டுவிட வேண்டியதுதானே?"

"போடலாம்."

ஒரு குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. வேதமுத்து அந்த இடத்தில் பெருவிரலை வைத்து அமுக்கிக்கொண்டார். பிறகுதான் உப்புத்தாளைத் தேடினார்.

வண்டிமலையான் கொஞ்ச நேரம் அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் போய்விட்டான்.

சனிக்கிழமை காலையில் வெள்ளை வேட்டியைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தான்.

பஸ் ஒன்பதே காலுக்கு வந்தது. அவன் படியில் கால் வைத்தான்.

"ஏ, வண்டிமலையான்!"

"என்னவே?" என்று திரும்பினான்.

பின்பக்க ஜன்னலிலிருந்து ஓர் ஆட்டு வியாபாரி தலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கிடா விலைக்கு இருக்கா?"

அவன் வாய் பாதி திறந்தபடி நின்றான்.

"அண்ணே, ஏறுறீங்களா இல்லியா?" என்றார் கண்டக்டர்.

அவன் காலை எடுத்துக்கொண்டான். பஸ் போய்விட்டது.

"செத்துட்டான்னு சொன்னேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "கூப்பிட்டா என்னவேன்னு திரும்புறானே."

முப்பிடாதி முறத்தில் வத்தல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"வண்டிமலையான்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வெட்டின உடனே நீ ஓடிட்டேன்னு சொன்னாங்க. கோர்ட்டுலயும் அப்படித்தான் சொன்ன. சபைச் சாட்சியிலயும் அப்படித்தான் சொன்னியாம்."

"ஆமா."

"அவரைக் குளிப்பாட்டும்போது வாய் திறந்து கிடந்தது. உள்ள பார்த்தேன். நாக்கு கட்டையா காஞ்சிருந்தது." அவள் மடியில் விழுந்திருந்த வத்தல் விதையைத் தட்டிவிட்டாள். "கடைசியில அவரு தண்ணி கேட்டாரா?"

இல்லை என்கிற சொல் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெட்டுப்பட்டதும் உயிர் போய்விட்டது என்று சொன்னால் தீர்ந்தது. அவளுக்கும் ஆறுதல். அவனுக்கும் குடம் கிடைக்கும். அன்றைக்கு அந்த வரப்பில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் பேச மாட்டார்.

"கேட்டாரு," என்றான்.

"அப்ப நீ ஓடலியா?"

"ஓடல. வரப்புல உக்காந்திருந்தேன்."

"கிட்டத்துல தண்ணி இருந்துதா?"

"உடமரத்துல என் தூக்குச்சட்டி தொங்குச்சு. அது நிறைய இருந்துது."

"குடுத்தியா?"

"இல்ல."

"என்ன செஞ்ச?"

"நான் குடிச்சேன்."

முப்பிடாதி எழுந்தாள். வீட்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வேலியோரம் உட்கார நிழல் இருந்தது. அவன் உட்காரவில்லை. போகவுமில்லை. நின்றான்.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். விளிம்பு வரை தண்ணீர். கண் சிவந்திருந்தது. வேலியருகே குடத்தை இறக்கி வைத்தாள்.

"தூக்கு."

அவன் குனிந்தான். குடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. மறுபடி பிடித்தான். மறுபடி சாய்ந்தது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மறுபக்கம் வந்து குடத்தின் அடியில் கை கொடுத்து, தூக்கி அவன் தோளில் வைத்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"மன்னிச்சேன்னு நினைச்சிராத," என்றாள். "குடம் கனம். அதான் தூக்கிவிட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். தண்ணீர் தளும்பித் தோளில் வழிந்தது.

"இது அவரு கேட்ட தண்ணி," என்றாள் முப்பிடாதி. "நாளைக்கு நானே வந்து குடத்தை எடுத்துக்கிடுதேன். நீ இங்க வராத."

தொட்டியடியில் வேதமுத்து நின்றிருந்தார்.

"ஐயா, சாட்சியில ஒண்ணை விட்டுட்டேன்."

"யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"அப்ப ஊத்துங்க."

அவன் ஊற்றினான். இத்தனை நாள் வெயிலில் தொட்டி நாலு விரல் வற்றியிருந்தது. குடம் முழுவதையும் கவிழ்த்த பிறகும் தண்ணீர் விளிம்புக்கு வரவில்லை.

"குறையுதே," என்றான்.

வேதமுத்து எட்டிப் பார்த்தார்.

"நிறைஞ்சிட்டு, அண்ணாச்சி."

மறுநாள் சின்ன பவுல் மணியடித்தார். சபையார் தொட்டியைச் சுற்றி நின்று பாடினார்கள். வெள்ளை வேட்டியில் வண்டிமலையான் ஏதோ கல்யாண வீட்டுக்கு வழிதப்பி வந்தவன் போல நின்றான்.

"இந்தத் தண்ணி உனக்குப் பத்தாதுவே," என்று சின்ன பவுல் காதோரம் முணுமுணுத்தார். "உன்னை முக்க ஏழு கடல் வேணும். இந்தத் தொட்டியில முங்கி எந்திரிச்சா, மிச்சத்தை மாட்டுக்குக்கூட வைக்க முடியாது."

சுவருக்கு வெளியே முப்பிடாதி வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த பித்தளைக் குடத்தைச் சின்ன பவுல் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

வேதமுத்து தண்ணீருக்குள் நின்றபடி கையை நீட்டினார்.

"இறங்குங்க, அண்ணாச்சி."

வண்டிமலையான் இறங்கினான். தண்ணீர் நெஞ்சு வரை வந்தது. போதகர் ஒரு கையை அவன் முதுகில் கொடுத்தார். மறு கையை உயர்த்தி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி நிறுத்தினார். பெயரைச் சொல்வது இறங்குகிறவரின் பங்கு. அது அந்த ஊர் முறை.

சின்ன பவுல் நோட்டுப் புத்தகத்தில் மோசே என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

வண்டிமலையான் சுவர்ப் பக்கம் பார்த்தான்.

"வண்டிமலையான்."

"வெளிய வரைக்கும் கேக்கணும்," என்றார் வேதமுத்து மெல்ல.

அவன் தொண்டை கிழியக் கத்தினான்.

"வண்டிமலையான்!"

வாயை மூடுவதற்குள் வேதமுத்து அவனை முக்கிவிட்டார்.

ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது.

அது தொண்டையில் நிற்கவில்லை.