எறும்பு எதிர் எறும்பின் முகத்தைத் தொடுவது ஏன்?

அந்தக் காலத்தில் எறும்பு வாய் திறந்து பேசும். ஆனால் எதிரில் வருகிற எறும்போடு மட்டும் பேசாது. அவ்வளவு அவசரம்! வாயில் ஒரு நொய், காலில் ஓட்டம். யார் எவர் என்று ஏறெடுத்தும் பார்க்காமல் ஒன்றை ஒன்று கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

வேப்பமரத்து மேட்டில் ஒரு பெரிய புற்று இருந்தது. அடைமழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. மேட்டுக்குக் கீழே வயல் வரப்பில் ஒரு சின்னக் குழி. வரப்புக்குழி என்பார்கள். எறும்புக்குக் குழிதானே ஊர்! அந்த ஊர்க்காரிதான் நம்ம சடச்சி.

விடிந்தால் மேட்டுக்கு ஏறுவாள், பொழுது சாய்ந்தால் இறங்குவாள். பெரிய புற்றில் முட்டைகளைப் புரட்டிப் போடுவது அவள் வேலை. லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பக்கம் கிடந்தால் முட்டை பூசணம் பூத்துப்போகும். நாள் முழுக்கப் புரட்ட வேண்டும், துடைக்க வேண்டும். சாயங்காலம் கூலி ஒரு நொய்யரிசி. அவளைப் போலவே வரப்பிலிருந்து மண் சுமக்க, தானியம் அடுக்க என்று கூட்டம் கூட்டமாய் ஏறி இறங்கியது.

ஒரு நாள் பிற்பகலில் தட்டான்கள் தரையை உரசுகிற மாதிரி தாழப் பறந்தன. மேற்கே வானம் கருகருவென்று திரண்டது. சடச்சி புரட்டிக்கொண்டிருந்த முட்டையை அப்படியே விட்டாள். வரப்புக்குழியின் முட்டைகளெல்லாம் ஆக அடியில் கிடந்தன. தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும்.

ஓடிப்போய் ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு மேடேறினாள். புற்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது காவல்காரன் வீரணனின் மண்டை.

"எங்க, முட்டையும் கையுமா?"

முட்டையைக் கீழே வைத்தாள் சடச்சி. "மழை வருதுண்ணே. எங்க புள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம் வேணும்."

"இடம் நம்ம ஊர் ஆளுகளுக்குத்தான்."

"நான் இங்கதான வேலை பாக்குறேன்? தெனம் என்னைப் பாக்குறீகளே!"

"ராத்திரி எங்க படுக்குற?"

"வரப்புல."

"அப்ப நீ வரப்பு. அவ்வளவுதான்."

சடச்சிக்கு வந்ததே கோபம்! "படுக்கிறது கண்ணை மூடிக்கிட்டுண்ணே. கண்ணு முழிச்சிருக்கிற நேரம் பூரா நான் இங்கதான கெடக்கேன்? அதுக்குக் கணக்கில்லையா?" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து புற்றுத் தலைவி பெரியநாச்சியே எழுந்து வந்துவிட்டாள்.

பெரியநாச்சி கெட்டவள் இல்லை. ஆனால் இடத்துக்கு ஓர் அளவு உண்டே. "இந்தா பாரு சடச்சி, பக்கத்துல இருக்கவுகளை எல்லாம் நம்ம ஊருன்னு சேர்த்தா எதோட நிறுத்துறது? பூமியில எல்லாரும் யாருக்காவது பக்கம்தான். புத்தோட நிழல் எதுவரைக்கும் விழுதோ, அதுவரைக்கும் நம்ம ஊரு. எங்க முப்பாட்டி போட்ட சட்டம்."

முப்பாட்டியின் சட்டம் இருக்கிறதே, அது ஒரு கூத்து. மேட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லிடுக்கில் வெட்டுக்கிளி ஒன்று குடியிருந்தது. பிறந்ததிலிருந்து அது புற்றுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் சாயங்கால நிழல் அதன் தலையில் விழுந்தது. ஆகவே அது உள்ளூர்! தினமும் ஏறி இறங்கிக் கால் தேய்ந்த சடச்சி வெளியூர்!

சடச்சி வானத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆத்தா, மேகம் மூடிக்கிடுச்சு. இப்ப நிழலே இல்லையே. அப்ப யாருமே உங்க ஊரு இல்லையா?"

பெரியநாச்சியும் தரையைப் பார்த்தாள். ஆமாம், ஒரு மயிரிழை நிழல்கூட இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடியே, மடக்கிட்டியே! சரி, வேற எதை வச்சுத்தான் முடிவு பண்றது? நீயே சொல்லு."

"காலையில யாரு எங்கேயிருந்து கிளம்பி இங்க வேலைக்கு வந்தாகன்னு கேளுங்க."

"ஒண்ணு ரெண்டு பேர் வந்தா ஊரையே சேர்த்துக்க முடியுமா?"

"எத்தனை பேர் வந்தா சேர்ப்பீக?"

பெரியநாச்சி யோசித்தாள். எல்லாரும் வர வேண்டும் என்றால் அது அநியாயம். யாரோ ஒருத்தி போதும் என்றால் அதற்கு முடிவே இல்லை. "உங்க குழியில நாலு பேருக்கு ஒருத்தர் இங்க பாடுபடணும். அப்படி இருந்தா வரப்பும் புத்தும் ஒரே ஊருதான்."

வரப்பில் மொத்தம் எவ்வளவு பேர் என்று பார்த்துவர ஒரு காவலாள் ஓடினான். வேலை முடிந்து சாரை சாரையாய் எறும்புகள் இறங்கும் நேரம். சடச்சி பாதை நடுவில் நின்று கத்தினாள்: "காலையில எங்கேயிருந்து வந்தீக? நின்னு சொல்லிட்டுப் போங்க!"

யார் நிற்பார்கள்? எல்லார் வாயிலும் கூலி நொய். ஒருத்தன் மட்டும் பாவம், "வ..." என்று வாயைத் திறந்தான். நொய் விழுந்து உருண்டு சரிவில் ஓடியது. அவனும் பின்னாலேயே ஓடினான். அதைப் பார்த்த மற்றவர்கள் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள்.

மேற்கே இடி உருண்டது. சடச்சிக்கு அழுகை வந்தது. முட்டைகள் அங்கே அடியில் கிடக்கின்றன, இங்கே ஒரு வாய் திறக்கமாட்டேன் என்கிறதே! அந்தத் தவிப்பில்தான் அவள் அதைச் செய்தாள். எதிரே வந்தவளின் முகத்துக்கு நேராய்ப் போய் முட்டி நின்று, தன் மீசையை நீட்டி அவள் மீசையைத் தொட்டாள். அதுவரை எறும்புகள் மீசையை இருட்டில் வழி தடவத்தான் வைத்திருந்தன. தொட்டதும் சடச்சியின் மூக்குக்கு எட்டியது வரப்பு மண்ணின் ஈர வாசனை. தொடப்பட்டவளும் புரிந்துகொண்டு திருப்பித் தொட்டாள். வாய் திறக்கவில்லை, நொய் விழவில்லை, கேள்விக்குப் பதில் வந்துவிட்டது!

அடுத்தவளைத் தொட்டாள். வரப்பு. அதற்கடுத்தவன், வரப்பு. வீரணனுக்கும் ஆசை வந்து, பெரிய மண்டையைத் தாழ்த்தி ஒவ்வொருவராய்த் தொட்டு எண்ணினான். அதற்குள் வரப்புக்குப் போன காவலாளும் கணக்கோடு திரும்பிவந்தான். "ஆத்தா, நாலுல ஒண்ணு என்ன, வரப்புக்குழி ஆளுக பாதிப்பேர் இங்கதான் பாடுபடுறாக! இத்தனை நாளா இவுகதான் நம்ம மண்ணைச் சுமந்தாகளா?"

"வாசலை விடு," என்றாள் பெரியநாச்சி.

மழையின் முதல் சொட்டு விழும்போது வரப்புக்குழியின் முட்டைகள் வரிசையாய் மேடேறின. புற்றுக்குள் ஓர் அறை ஒதுக்கினார்கள். நெருக்கி அடுக்கினால் சரியாய்க் கொள்ளும். சடச்சி மூச்சு விட்டாள்.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல். "மதினி, எங்களுக்கும் கொஞ்சம் இடம்."

வரப்புக்கும் கீழே, வாய்க்கால் ஓரத்தில், நெருஞ்சிச் செடியின் அடியில் ஒரு குட்டிக் குழி. அங்கிருந்து குருவம்மா வந்திருந்தாள். வாயிலிருந்து இறக்கிவைத்த முட்டை நனைந்திருந்தது.

"உங்க குழியிலேருந்து யாரும் புத்துக்கு வேலைக்கு வரலையே," என்றான் வீரணன். பொய் இல்லை. பெரியநாச்சி சடச்சியைப் பார்த்தாள். "எனக்கு அவுக சொந்தமில்ல. உனக்குச் சொந்தமான்னு நீதான் சொல்லணும். இடம் உன் அறையிலதான்."

வரப்புக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "நமக்கே மூச்சு முட்டுது. அவ யாரு, எவளோ!"

சடச்சிக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்வானேன்? ஆனாலும் இறங்கிப்போய் குருவம்மாவின் முகத்தைத் தொட்டாள். தொட்டவள் திகைத்து நின்றுவிட்டாள். நெருஞ்சி வாசனைக்கு மேலே அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. வரப்புக்குழியின் ஆக அடியில், முட்டைகள் கிடக்கும் இடத்து வாசனை.

"காலையில நீ எங்க போன?"

"உங்க குழிக்குத்தான் மதினி. எங்க ஆளுக பாதிப்பேருக்கு அங்கதான வேலை. நீங்க மேட்டுல முட்டை புரட்டுறீக. உங்க முட்டையை நான் புரட்டுறேன். சாயங்காலம் நீங்க உள்ள நுழையுறப்பதான் நான் வெளிய போவேன். தெனம் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டுத்தான் போறோம்."

சடச்சிக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாய் வந்தன. "அடிப் பாவி மகளே, ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா?"

சடச்சி உள்ளே போனாள். தன் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றி அடுக்கினாள். காலியான மூலையில் குருவம்மாவின் நனைந்த முட்டையைத் தானே கொண்டுவந்து வைத்து, ஒரு முறை புரட்டிப் போட்டாள். பெரிய புற்றுக்கு ஒரு சுற்றுவட்டாரம் உண்டென்றால் சின்னக் குழிக்கும் உண்டு என்பது அந்த மழையில்தான் எல்லாருக்கும் விளங்கியது.

அன்று முதல்தான், மழை வரும் என்றால் எறும்புகள் முட்டையோடு மேடேறுகின்றன. எவ்வளவு அவசரமானாலும், வாய் நிறையச் சுமை இருந்தாலும், எதிரில் வருகிறவளை நிறுத்தி, முகம் தொட்டு, "காலையில எங்க போன?" என்று கேட்காமல் ஓர் எறும்பும் கடந்து போவதில்லை.