முள்ளம்பன்றிக்கு அளவெடுத்த மரங்கொத்தி

ஒரு காட்டில் நடந்ததாம் இது. பல வருடங்களாக நான் இதை நம்பவில்லை, குழந்தைகளே. தன் அசட்டுத்தனத்தைத் தானே சொல்லித் திரிகிற மரங்கொத்தி எங்காவது உண்டா? ஆனாலும் கேளுங்கள்.

அந்தக் காட்டில் வாசல் குடைவதில் இந்த மரங்கொத்தியை மிஞ்ச ஆள் கிடையாது. அது குடைந்த வாசலில் எறும்புக்குக்கூடச் சிராய் குத்தாது.

மழைக்காலம் நெருங்கியது. வளை இடிந்துபோன ஒரு முள்ளம்பன்றி அதைத் தேடி வந்தது. ஓடைக்கரையில் விழுந்து கிடந்த வேங்கை மரத்தைக் காட்டியது.

"உள்ளே பொந்துதான், தம்பி. ஒரு வாசல் மட்டும் வைத்துக் கொடு."

மரங்கொத்தி மூக்கு முதல் வால் வரை அளவெடுத்தது. "அசையாதே, அக்கா. முள்ளைப் படிய வைத்துக்கொள். மூச்சைக்கூட மெதுவாக விடு."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அளவு தப்பினால் என் பெயர் கெட்டுவிடும்."

நாவல் கிளையில் பழம் தின்றுகொண்டிருந்த அணில் கிளுக்கென்று சிரித்தது. "அண்ணே, அக்காவை முன்னும் பின்னும் கொஞ்சம் நடக்கவிட்டுப் பாருங்களேன்."

"நான் வாசல் செய்கிறேனா, நாட்டியம் பார்க்கிறேனா? நீ பழத்தைத் தின்னு!"

மூன்று நாள் கொத்தியது மரங்கொத்தி. வாசலின் விளிம்பைவிட்டு அதன் கண் நகரவே இல்லை. நான்காம் நாள் முள்ளம்பன்றி உள்ளே போயிற்று, உறைக்குள் வாள் போவதுபோல. மரங்கொத்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்று மாலையே மலையில் மழை கொட்டியது. ஓடை கரையேறி வந்தது.

"வெளியே வா, அக்கா!" என்று கூவியது மரங்கொத்தி.

உள்ளே திரும்ப இடமில்லை. முள்ளம்பன்றி பின்பக்கமாக நகர்ந்தது. படிந்திருந்த முட்களெல்லாம் விளிம்பில் மாட்டி, விசிறிபோல விரிந்துகொண்டன.

"தம்பி, சிக்கிக்கொண்டேன்! வயிறுவரை தண்ணீர்!"

வாசலை அகலமாக்கப் பாய்ந்தது மரங்கொத்தி. கன்னத்தில் ஒரு முள் குத்தியது. மறுபடி பாய்ந்தது. மறுபடி குத்து.

"அங்கேயே ஏன் முட்டுகிறீர்கள்? மேலே வந்து பாருங்கள், அண்ணே!" என்று கத்தியது அணில்.

வலி தாங்காமல் மேலே பறந்தது மரங்கொத்தி. அப்போதுதான், மூன்று நாளும் கொத்திய மரத்தை அது முதல்முறையாக முழுசாகப் பார்த்தது. மறுகோடியில் மரம் உளுத்து, காளான் பூத்துக் கிடந்தது.

ஒரே பாய்ச்சல். வட்டம் பார்க்கவில்லை, விளிம்பு பார்க்கவில்லை. இருபதே கொத்தில் உளுத்த மரம் பொலபொலவென்று உதிர்ந்தது. முள்ளம்பன்றி தலையை நீட்டி, நேராக நடந்து வெளியே வந்தது.

உடம்பை உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "இந்த வாசல் கோணல்மாணலாக இருக்கிறதே, தம்பி."

"மன்னித்துவிடு, அக்கா."

"எதற்கு? வேறு இடத்தில் கட்டும்போதும் இப்படியே ஒன்று வை!"

போன மாதம் அந்த மரங்கொத்தியைப் பார்த்தேன். இத்தனை வருடம் கேட்காததைக் கடைசியில் கேட்டேவிட்டேன்: "வேலையில் மூழ்கியிருக்கிறாய். தலையை நிமிர்த்த நேரம் வந்துவிட்டது என்று, முள் குத்துவதற்கு முன்பே உனக்கு எப்படித் தெரியும்?" "எங்கே தெரிகிறது? அதனால்தான் இப்போதெல்லாம் பத்துக் கொத்துக்கு ஒருமுறை மேலே பறந்து முழு மரத்தையும் பார்த்துவிடுகிறேன்" என்றது அது.

நீதி: விளிம்பை மட்டும் பார்ப்பவனுக்கு வேலை சுத்தமாக வரும், வழி தோன்றாது.