நடுவில் ஒன்றுமில்லை

அநியாயம் விழிக்குத்தான் நடந்தது. பெங்களூர் பயிற்சிக்குத் தேர்வானவள். பட்டியலில் பேரில்லை என்று கல்லூரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பேருந்து போய்விட்டது.

பெட்டியும் கையுமாக மரகதம் மேடத்தின் ஆய்வகத்துக்கு வந்தாள். அவளுக்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

“உயிரோட இருக்கிறவ பேர் எப்படி மேடம் காணாமப் போகும்?”

மேடம் கணினிப் பக்கம் திரும்பினார். பட்டியலை அச்சிட்ட நிரலைத் திறந்தார்.

print(*பெயர்கள், sep="")

ஓட்டினார்.

தாமோதரன்கயல்விழிஇளவரசி

“பேருங்களுக்கு நடுவுல இருந்த காற்புள்ளி அசிங்கமா இருக்குன்னு எடுத்துட்டாங்களாம். அப்புறம் அலுவலகத்துல கண்ணால பார்த்துப் பிரிச்சிருக்காங்க.”

“நாலு பேரை மூணு பேராவா? தாமோதரனைத் தாமோ, தரன்னு யாரும் வெட்டலையே! என் தோழி கயலையும் என்னையும் மட்டும் ஒரே பொண்ணாக்கத் தெரிஞ்சுதா?”

“மிச்சமான இடத்துல கல்லூரி முதல்வரோட தங்கை மகன் போயிருக்கான்.”

“அடடா, அவன் பேர் மட்டும் தனியா நின்னுச்சாக்கும்!”

மேடம் திரையில் இரண்டு மேற்கோள் குறிகளுக்கு இடையே விரலை வைத்தார்.

“இங்கே என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை.”

“உனக்கும் கயலுக்கும் நடுவுல?”

“ஒண்ணுமே இல்லை மேடம். ஒரே தட்டுல சாப்பிடுறவங்க நாங்க.”

“கூப்பிடு.”

விழி கைப்பேசியில் அழைத்தாள். பேருந்தின் இரைச்சலோடு கயலின் குரல் வந்தது.

“கயல்விழி யாருன்னு கேட்டாங்கடி. கையைத் தூக்கிட்டேன்.”

“அது ரெண்டு பேருன்னு சொல்ல வாய் வரலையா?”

“சொல்லி, என்னையும் இறக்கி விட்டுட்டா?”

விழி காத்திருந்தாள். மறுமுனையில் வெறும் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

விழி கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

மேடம் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

விழி மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளி போட்டாள். ஓர் இடைவெளியும் விட்டாள். ஓட்டினாள்.

தாமோதரன், கயல், விழி, இளவரசி

தன் பெயருக்கும் கயலின் பெயருக்கும் நடுவே கிடந்த அந்தச் சின்னக் காற்புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனிமே எல்லாம் சரியா வருமா மேடம்?”

“பேருங்க வரும்.”