கடைசி இலை

நாச்சியாரம்மையின் மடத்தில் தண்டனை என்று எதுவும் கிடையாது. தெரிந்தே தப்புச் செய்தவர் பந்தியின் கடைசி இலையில் தாமாகப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அந்த இலையும் வேளைக்கு ஒன்றுதான்; ஒருவருக்குத்தான் இடம்.

மரகதம் ஒன்பது நாளாக அதில் உட்கார்ந்தாள்.

"உப்புப் பானையையே தூக்கிட்டுப் போயிட்டீங்களா அக்கா?" என்றாள் பரிமாறிய தைலம்மை. கேட்கக் கூடாது என்றுதான் வழக்கம். கேலி பண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

பத்தாம் நாள் நாச்சியாரம்மையே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடத்தில் எல்லாரும் குருவம்மா என்று கூப்பிடும் அவள் மரகதத்தைவிடப் பத்து வயது சின்னவள்.

"காரணம் கேட்கக் கூடாதுன்னு வச்சவ நான். நானே மீறுறேன். சொல்லு."

"அவருக்கு வேறொருத்தி இருக்கா அம்மா. சட்டையில புதுசா ஒரு பித்தான். நான் தைக்கலை. என்னைவிட நேர்த்தியான தையல். கேட்டேன். ஆமாம்னார்."

"அது அவன் தப்பு. உன்னுது என்ன?"

மரகதம் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"அந்தச் சட்டையைத் துவைச்சு, மடிச்சு, அவர் கையிலயே கொடுத்தேன்."

"அப்புறம்?"

"ரோஷம் வரும் வரும்னு பார்க்கிறேன், வரமாட்டேங்குது. வாசல்ல அவர் செருப்புச் சத்தம் கேட்டா இன்னும் முகம் மலருது. எல்லாம் தெரிஞ்சும் அவரைப் பிடிச்சிருக்கு. இதைவிடக் கேவலம் உண்டா?"

"பிடிச்சிருக்கிறதால யாருக்கு நோகுது?"

"எனக்குத்தான்."

"அப்போ உன்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு மேல போய் உட்காரு."

"விளையாடாதீங்க அம்மா."

பந்தியின் நடுவிலிருந்து அவள் புருஷன் சிங்காரத்தின் குரல் கணீரென்று வந்தது. "தைலம்மா, பாயசம் இந்தப் பக்கம் இன்னொரு தடவை வரட்டும்."

பாயசம் அவன் இலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மரகதத்தின் கண் தானாகப் பார்த்தது. அவள் பார்த்ததைக் குருவம்மா பார்த்துவிட்டாள். மரகதத்துக்குக் காது மடல் எரிந்தது.

"அவன் ஒருநாளாவது இந்த இலையில உட்கார்ந்தானா?"

"இல்லை."

"நீ சொல்லலையா?"

"வீட்டுக்கு ஒருத்தர் உட்கார்ந்தாப் போதாதா அம்மா?"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது.

நாச்சியாரம்மை சோறும் குழம்புமாக இருந்த மரகதத்தின் இலையை இரு கையாலும் ஏந்தி எடுத்தாள். பந்தி முழுக்க வாய் மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது. தன் இலைக்குப் பக்கத்தில், சிங்காரத்துக்கு நேர் எதிரே அதைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

மரகதம் எழவில்லை. "நான் இங்கயே இருக்கேனே அம்மா. எனக்கு இதுதான் பொருத்தம்."

"பிடிச்சிருந்தாப் பிடிச்சிருக்கட்டும். சமைச்சுப் போடு, துவைச்சுப் போடு, இல்லே விட்டுட்டுப் போ, அது உன் பாடு. அவன் உட்கார வேண்டிய இடத்தை மட்டும் நீ அடைச்சுக்கிட்டு இருக்காதே."