பெல்டன் துரை செய்த கியூ

ஸ்நூக்கர் ஆடுகிற குச்சிக்குப் பெயர் கியூ. குன்னூர் கிளப் தலைவர் விஜயரங்கத்துக்குக் குச்சியைவிட அதில் பதிக்கிற பெயர்த் தகடுதான் பெரிசு. தச்சர் தாசையனைக் கூப்பிட்டார்.

“ஒரு கியூ செய். ஆனா உன் பேரு வேண்டாம். நூறு வருஷத்துக்கு முந்தி லண்டன்ல பெல்டன் துரை செஞ்சதுன்னு தகடு போடு. வெளியே சொன்னியோ, இந்த கிளப் வாசலையே நீ மிதிக்க முடியாது.”

தாசையன் வாயை மூடிக்கொண்டு செய்து கொடுத்தார். தலைவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அப்புறம் கிளப் போட்டியில், குழி வாசலில் நின்ற பந்தையெல்லாம் கோட்டைவிட்டுத் தோற்றார்.

“கியூ கோணல்!” என்று எல்லார் முன்னாலும் கத்தினார். மேசை பார்த்துக்கொள்ள வந்திருந்த தாசையனிடம் அதை நீட்டினார். “சரிபண்ணு! மறுபடி ஆடணும்!”

“நான் செஞ்சதுன்னா இப்பவே பண்ணிடுவேன் சார். துரை செஞ்சதுல நான் கை வைக்கலாமா? அவரைத்தான் எழுப்பணும்.”

“விளையாடாதடா! செஞ்சவன் நீதானே!”

கிளப்பே அந்தப் பெயர்த் தகட்டை எட்டிப் பார்த்தது.

தாசையன் கியூவை மேசைமேல் உருட்டினார். அது துள்ளாமல் உருண்டுபோய் நின்றது.

“கியூ நேராத்தான் இருக்கு சார். மத்த கோணலைச் சரிபண்றது நம்ம தொழில்ல வராது.”