பிரீனாவை இழுத்துப்போனவர்

இத்தாலி நாட்டு மலைச்சரிவு ஒன்றில் எர்சிலியா அம்மா வேட்டை நாய்களோடு வாழ்ந்துவந்தார். மன அமைதி தேடி அவரிடம் வருகிறவர்களும் அங்கேயே தங்குவார்கள். அவர்களில் ஒருவர் ஒத்தாவியோ. அம்மாவைவிட நன்றாகவே வயதில் மூத்தவர். நகரத்தில் நீதிபதியாக இருந்தவர். யார் பேசினாலும் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் பழக்கம் அவரை இன்னும் விட்டபாடில்லை.

ஒருநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கிளம்புறேன் அம்மா.”

“ஏன்?”

“மனசு அடங்குற இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும். நேரா சொல்லிட்டா என்ன? உட்காருங்க, கவனிங்க, பொறுங்கன்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க. எனக்கு எழுபது வயசாகப் போகுது. இனி எங்க பொறுக்கிறது?”

அவரை அவசரப்படுத்தியது சாவைப் பற்றிய பயம்தான். அம்மாவுக்கும் அது புரிந்தது.

“பிரீனாவைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஒரு நடை போயிட்டு வந்து கிளம்பலாம்.”

பிரீனா ஒரு செகூஜோ. அந்நாட்டின் மிகப் பழைய வேட்டை நாய் இனம் அது. ஓட்ட நாயின் கால், மோப்ப நாயின் தலை, கன்னத்தோடு தொங்கும் நீளக் காது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கட்சி, இந்த மண்ணிலேயே உண்டானது என்று இன்னொரு கட்சி. நாயைக் கேட்கலாம் என்றால் அது சுலபத்தில் வாய் திறக்காது. வீட்டில் இருப்பதே தெரியாமல் கிடக்கும். முயல் வாடை பிடிபட்டால்தான் குரல் வரும்.

அம்மாவிடம் துப்பாக்கி கிடையாது. நாய் முயலை எழுப்பி, பின்னாலேயே குரல் கொடுத்துக்கொண்டு ஓடும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவருடைய வேட்டை.

முயல் இரவில் மேய்ந்த புல்வெளிக்குப் போனார்கள். நாயின் கழுத்து வாரை ஒத்தாவியோ பிடித்திருந்தார். பிரீனா மூக்கைத் தரையில் வைத்தது. முயல் எங்கே தின்றது, எங்கே குந்தியது, எங்கே திரும்பியது என்று ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு நகர்ந்தது.

ஒத்தாவியோவுக்குக் கால் கடுத்தது.

“முயல் எங்க படுத்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?”

“தெரியும். மேல அந்த முள்ளுப் புதருக்குள்ள. விடியும்போதே பார்த்தேன்.”

“அப்புறம் எதுக்கு இது இந்தச் சுத்து சுத்துது?”

“வேணும்னா நேரா அங்க கூட்டிட்டுப் போங்க.”

அவருக்குச் சொல்லவா வேண்டும்? வாரை இழுத்தார். பிரீனா நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. “இவ்வளவு பிடிவாதமா உனக்கு” என்று திட்டிக்கொண்டே, தூக்காத குறையாக இழுத்துப்போய்ப் புதருக்கு முன்னால் அவிழ்த்துவிட்டார்.

முயல் பாய்ந்தது. பிரீனா தலையை நிமிர்த்திக்கொண்டு, கண்ணால் பார்த்தே துரத்தியது. முயல் வேலிக்கு அந்தப்பக்கம் மறைந்ததும் அப்படியே நின்றுவிட்டது. இங்கும் அங்கும் அலைந்தது. பிறகு திரும்பிவந்து அவர் முகத்தையே பார்த்தது.

ஒத்தாவியோவின் முகம் சுண்டிப்போனது.

“இப்ப என்னம்மா செய்யிறது?”

“சும்மா இருங்க. அதுக்குத் தெரியும்.”

பிரீனா கீழே இறங்கியது. அவர் வாரை இழுத்த இடத்துக்கே போய் மறுபடி மூக்கை வைத்தது. வளைந்தது, நின்றது, வந்த வழியே திரும்பியது. புதருக்கு வந்துசேர வெகுநேரம் பிடித்தது. அங்கே வந்ததும் தொண்டையைத் திறந்தது. நீண்டு இழையும் குரல். வேலியைத் தாண்டியும் அது அறுபடவில்லை. அடுத்த மலையிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒத்தாவியோ ஒரு பாறையில் உட்கார்ந்து கேட்டார். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி இருந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அம்மா நீட்டிய ரொட்டியை வாங்கி மெதுவாக மென்றார்.

“இழுத்துக்கிட்டுப் போனா காரியம் கெட்டுடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?”

“தெரியும்.”

“புறப்படும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா.”

“சொல்லியிருந்தா, கேட்டுக்கிட்டு ஊருக்குப் போயிருப்பீங்க.”